நூற்குற்றம் காட்டலும் நூலை இடித்தலும்: மதுரை மரபிலிருந்து

தமிழில் 'இடி' என்ற வினைக்கு இரண்டு வேலை உண்டு. பழைய சுவரைக் கடப்பாரையால் தகர்ப்பதும் இடித்தல்தான். தவறான வழியில் போகிறவனிடம் அவன் நன்மையைக் கருதிக் கண்டிப்பாகச் சொல்வதும் இடித்தல்தான்; அதை இடித்துரைத்தல் என்கிறோம். திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் இந்த இரண்டாவது பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறது. ஒரு கதையையோ கவிதையையோ பற்றி ஒருவர் பேச வரும்போது, அவர் எந்த இடியைக் கொண்டுவருகிறார் என்பதே கேள்வி.

பொதுவாக இந்த வேறுபாட்டைக் குரலின் கடுமையை வைத்து அளக்கிறார்கள். இனிமையாகச் சொன்னால் ஆக்கபூர்வமான விமர்சனம், கடுமையாகச் சொன்னால் தாக்குதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வரி பாராட்டிய பிறகு ஒரு வரி குறை சொல்லலாம் என்று கணக்குப் போடுவோரும் உண்டு. மதுரையைச் சுற்றி வழங்கும் புலவர் கதைகளையும், இந்தப் பகுதியிலிருந்து பிற்காலத்தில் எழுந்த விமர்சன முயற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த அளவுகோல் பொருந்துவதில்லை. கடுமையாகப் பேசியவர் நேர்மையாக இருந்திருக்கிறார். பணிவாக வந்தவர் இடிக்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறார். நூலை முழுதாகக் கேட்டாரா, குற்றம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாரா, மறுமொழி சொல்ல இடம் விட்டாரா என்ற மூன்றையும் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும்.

இலக்கண நூல் தரும் உரிமை

குறை சொல்வதே மரியாதைக் குறைவு என்ற எண்ணம் தமிழ் மரபில் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர்கள் கொள்ளும் எழுவகை மதங்களைக் கூறுகிறது. உடன்படுதல் அவற்றில் ஒன்று, மறுத்தல் இன்னொன்று. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதலும் அந்த ஏழில் சேர்ந்த ஒன்றாகும். ஆகவே குற்றம் காட்டுவது நூல் செய்வோரின் இயல்பான வேலைகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது.

அதே நன்னூல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் தொகுத்துள்ளது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று அந்த வரிசை போகிறது. வகுப்பறையில் இதை மனப்பாடப் பகுதியாக மட்டும் நடத்திவிட்டுப் போவது வழக்கம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பத்தில் ஒன்றுகூட எழுதியவரைப் பற்றியது அல்ல. அவர் யார், எந்த ஊர், எந்தக் குலம், யாருடைய ஆள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. எல்லாமே ஏட்டில் எழுதியிருப்பதைப் பற்றியவை. குன்றக் கூறியதை நிரப்பலாம், மிகையை வெட்டலாம், கூறியது கூறலை அடித்துவிடலாம். 'சென்று தேய்ந்து இறுதல்' என்ற குற்றம் இன்றைய நாவல்கள் பலவற்றுக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் அனைத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அதங்கோட்டாசானின் இக்கட்டு

தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்பது இன்றைய வெளியீட்டு விழா போன்றதல்ல. நூலாசிரியர் படிக்கப் படிக்க, கேட்பவர் தடை எழுப்புவார். நூலாசிரியர் விடை சொல்ல வேண்டும். தடைகளைக் கடந்து வந்தால்தான் நூல் அரங்கேறியதாகப் பொருள்.

இந்தப் பாயிரத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், மதுரையைச் சேர்ந்தவர். பதினான்காம் நூற்றாண்டினர் என்பர். அவர் அந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்கிறார். அகத்தியரின் மனைவி உலோபாமுத்திரையை அழைத்து வரும் பொறுப்பு மாணவரான தொல்காப்பியருக்குத் தரப்பட்டது. நான்கு கோல் தூரம் விலகியே வரவேண்டும் என்பது ஆசிரியர் இட்ட கட்டளை. வையையைக் கடக்கும்போது வெள்ளம் பெருகி அம்மையாரை இழுத்தது. தொல்காப்பியர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டி அவரைக் கரையேற்றினார். கட்டளை மீறப்பட்டது என்று அகத்தியர் சபிக்க, குற்றமற்ற தம்மைச் சபித்தார் என்று இவர்களும் திருப்பிச் சபித்தனர். அந்தக் கோபத்தில் அகத்தியர் அதங்கோட்டாசானிடம், தொல்காப்பியன் செய்த நூலை நீ கேட்காதே என்று சொல்லிவிட்டார். தொல்காப்பியரோ பலமுறை வந்து, என் நூலைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இருவர் கோபத்துக்கும் ஆளாகாமல் தப்பிக்க அதங்கோட்டாசான் ஒரு வழி கண்டுபிடித்தார். நூலைக் கேட்பது, கேட்டுக்கொண்டே குற்றம் சொல்லிவிடுவது. அப்படிச் செய்தால் தொல்காப்பியருக்கும் மறுப்பில்லை, ஆசிரியருக்கும் மனக்குறை இல்லை.

வையைக் கரையில் தொடங்கும் இந்தக் கதை நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். உரையாசிரியர் காட்டும் மனநிலை இன்றும் அப்படியே இருக்கிறது. அதங்கோட்டாசான் முரடர் அல்லர். அவையில் அவர் பேசிய சொற்களும் பண்பானவையாகவே இருந்திருக்கும். ஆனால் ஓலையை அவிழ்ப்பதற்கு முன்பே குற்றம் சொல்வது என்று முடிவாகிவிட்டது. அந்த முடிவுக்கும் நூலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டு பெரியவர்களுக்கு இடையே மாட்டிக்கொண்டவரின் தற்காப்பு அது. நம் காலத்தில் ஒரு பத்திரிகைக் குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் நடுவே நின்று மதிப்புரை எழுத நேர்கிறவருக்கு இந்த இக்கட்டு புதிதாக இராது.

அப்படியும் அந்த அரங்கேற்றம் இடிப்பாக முடியவில்லை. காரணம் அவையின் முறை. தடை சொல்பவர் இன்ன சூத்திரத்தில் இன்ன குறை என்று சொல்லியாக வேண்டும். பொதுவாக 'சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் தொல்காப்பியர் விடை சொன்னார். குற்றமறக் கேட்கப்பட்டது என்று பாயிரம் கூறுவதற்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் இதுவே. கெட்ட எண்ணத்தோடு எழுப்பிய தடைகூடக் குறிப்பாக இருந்ததால் நூலுக்கு உரமாகிவிட்டது.

நக்கீரரை எப்படிப் படிப்பது

விமர்சனம் என்ற பேச்சு எடுத்தாலே மதுரையில் நக்கீரர் பெயர் வந்துவிடும். மாட்டுத்தாவணி அருகே அவர் பெயரில் ஒரு தோரண வாயில் பல ஆண்டுகள் நின்றது. போக்குவரத்துக்கு இடையூறு என்று 2025இல் அது இடிக்கப்பட்டது. அவர் கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தில் தொடங்கி, கீரனைக் கரையேற்றிய படலம், கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம் என்று தொடர்கிறது. ஆனால் பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருப்பது 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படமே. படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே நக்கீரராக நடித்தார். தருமியாக வந்த நாகேஷ், எழுதிப் பெயர் வாங்குகிற புலவர்களையும் குற்றம் கண்டுபிடித்தே பெயர் வாங்குகிற புலவர்களையும் பிரித்துக் காட்டிக் கேலி செய்யும் இடத்துக்கு அரங்கம் அதிர்ந்தது. அந்தக் கேலி இன்றுவரை விமர்சகர்கள் மேல் வீசப்படுகிறது. மறுபக்கம், எவரையும் எப்படியும் வெட்டிப் பேசிவிட்டு 'நான் நக்கீரன் பரம்பரை' என்று மார்தட்டிக் கொள்கிறவர்களுக்கும் அந்தப் படமே ஆதாரம். இரண்டு தரப்பும் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன.

கதை தெரிந்ததே. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம். தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. திருமணத்துக்குப் பணமில்லாத தருமி, இறைவன் எழுதித் தந்த பாட்டோடு வருகிறான். அரசன் மகிழ்கிறான். நக்கீரர் எழுந்து, பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்கிறார். கூந்தல் மணம் பூவாலும் பூசும் பொருளாலும் வருவது, இயற்கையானதல்ல என்பது அவர் வாதம்.

இங்கே நக்கீரர் செய்தது என்ன? பாட்டைக் கேட்டார். ஒரு கருத்தைத் தனியே எடுத்தார். அதில் என்ன குற்றம் என்று சொன்னார். ஏன் குற்றம் என்று காரணமும் சொன்னார். அதுவும் மறைவில் அல்ல, அரசன் தலையாட்டிய பிறகு அரசன் முன்னிலையிலேயே சொன்னார். பாட்டை எழுதியவர் நேரில் வந்து, குற்றம் சொன்னது யார் என்று கேட்டபோது, நான்தான் என்றார். கடுமையான பேச்சுதான். ஆனால் இதில் இடிப்பு இல்லை.

அவர் சொன்னது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றே படுகிறது. அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக, இறையனார் பெயரில் இருக்கிறது. அங்கே அது எந்த அரசனின் ஐயத்துக்கும் விடையல்ல. தலைவன் ஒருவன் தலைவியின் முன் நின்று, வண்டைப் பார்த்துப் பேசுகிறான். அவள் நலத்தைப் பாராட்டும் பேச்சு அது. அன்பில் இருப்பவன் சொல்வதை வைத்தியர் சொல்வதைப் போல உரைத்துப் பார்ப்பது அகப்பாட்டைப் படிக்கும் முறையாகாது. போட்டிக்கு வந்த விடையாக அந்தப் பாட்டை வைத்தால் நக்கீரரின் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. காதல் பாட்டாக வைத்தால் கேள்வியே எழாது. பாட்டை வைத்த இடம் மாறியதால் முளைத்த குற்றம் இது.

ஆனால் நக்கீரர் தவறினார் என்று இன்றைக்குச் சொல்ல முடிவதே அவர் இன்னதுதான் குற்றம் என்று வரையறுத்துச் சொன்னதால்தான். 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அவரை யாராலும் மறுத்திருக்க முடியாது. நேர்மையான விமர்சனம் தவறாகவும் இருக்கலாம். தவறாக இருக்கும்போது அதைப் பிடித்து மறுக்க அதற்கு ஒரு காது இருக்கும். இடித்துப் பேசுவதில் அந்தக் காது இருக்காது.

நக்கீரரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வாதம் வளர்கிறது. உத்தமப் பெண்டிருக்கு, தேவமகளிருக்கு, கடைசியில் இறைவியின் கூந்தலுக்கும் இப்படித்தானா என்று கேள்வி ஏறிக்கொண்டே போகிறது. அனைத்துக்கும் அப்படித்தான் என்கிறார் நக்கீரர். முதல் விடை தாம் அறிந்த ஒன்றைப் பற்றியது. கடைசி விடை அவருக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது. நெற்றிக்கண் திறந்ததும் வெப்பம் தாங்காமல் அவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததாகப் புராணம் சொல்கிறது. திரைப்படம் அந்த வீம்பை வீரமாக்கிவிட்டது. புராணம் அவரைக் கரையேற்றிய பிறகு, அகத்தியரைக் கொண்டு இலக்கணம் படிக்க வைக்கிறது. பொற்கிழி கடைசியில் தருமிக்கே கிடைக்கிறது.

பலகையும் எழுத்தாணியும்

அதே பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவர்கள் நக்கீரர் மட்டுமல்லர். திருவள்ளுவர் குறளோடு மதுரைக்கு வந்தபோது, அவர் பிறப்பைக் காரணம் காட்டிச் சங்கப் புலவர்கள் பலகையில் இடம் தர மறுத்தனர் என்றும், நூலை மட்டும் வைக்க ஓரிடம் கேட்டு வைத்ததும் பலகை சுருங்கிப் புலவர்கள் அனைவரையும் குளத்தில் தள்ளியது என்றும் செவிவழிக் கதை வழங்குகிறது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மக்கள் இரண்டு வகை விழுகைகளைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கிறார்கள். பாட்டைக் கேட்டுக் குற்றம் சொன்ன நக்கீரரைக் கரையேற்றிப் போற்றுகிறார்கள். ஏட்டைத் திறக்காமலே ஆளைப் பார்த்து மறுத்த புலவர்களில் ஒருவர் பெயரைக்கூட அந்தக் கதை தனியே நினைவில் வைக்கவில்லை.

மணிமேகலை ஆசிரியர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பிறர் நூலில் பிழை காணும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையில் குத்திக்கொள்வாராம். அதனால் தலை புண்ணாகிச் சீழ் பிடித்துச் 'சீத்தலை'ச் சாத்தனார் ஆனாராம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பதே பொருத்தமான விளக்கம். ஆனாலும் கதை நன்றாகவே இருக்கிறது. பிழை கண்ட விமர்சகர் எழுதியவர் தலையில் குத்தவில்லையே!

ஊமைச் சிறுவனின் தீர்ப்பு

விமர்சனத்தை எப்படிக் கேட்பது என்பதற்கு இறையனார் களவியல் உரையின் முற்பகுதியில் வரும் கதையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம். பஞ்சம் தீர்ந்த பின் அரசன் புலவர்களைத் தேடி வரவழைத்தபோது, எழுத்தும் சொல்லும் வல்லவர் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லவர் கிடைக்கவில்லை. ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரங்களை எழுதித் தந்தான். அதற்குச் சங்கத்தார் ஆளுக்கொரு உரை எழுதி, என் உரையே சிறந்தது என்று சண்டையிட்டனர். தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் வேண்டும். கிடைத்தவர் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து. பேச்சு வராத பிள்ளை.

அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி ஒவ்வொருவராக உரையைப் படித்தனர். பலர் படித்தபோது அவன் சும்மா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் கண்ணீர் வந்தது, மெய்சிலிர்த்தது. கணக்காயனார் மகனார் நக்கீரனார் படித்தபோது சொல்லுக்குச் சொல் அப்படியே ஆனான். அதுவே மெய்யுரை என்று முடிவாயிற்று. (கணக்காயர் என்றால் பள்ளிக்கூட ஆசிரியர். குற்றம் காண்பதில் பேர்பெற்ற நக்கீரர் ஒரு வாத்தியார் பிள்ளை என்பதில் வியப்பில்லை.)

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடுவது மருதன் இளநாகனாருக்குக் கிடைத்த 'சில இடங்கள்'. அவர் உரை முழுதும் ஏற்கப்படவுமில்லை, முழுதும் தள்ளப்படவுமில்லை. எங்கே உயிர் இருந்ததோ அங்கே சிறுவன் சிலிர்த்தான். வாய் பேசாத அந்தப் பிள்ளை, இளநாகனாருக்கு எது தேறியது, எது தேறவில்லை என்று இடம் இடமாகக் காட்டிவிட்டான். வீட்டுக்குப் போய் உரையைத் திருத்த அவருக்கு அதுவே போதும். கட்டுரை நோட்டு முழுவதும் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'மோசம்' என்று எழுதித் தருவதற்கும், மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு 'இதை யார் சொல்கிறார்?' என்று ஓரத்தில் கேட்பதற்கும் உள்ள தூரம் இதுதான். முதல் நோட்டைப் பையன் திறப்பதே இல்லை.

வாங்கி அழித்த புத்தகம்

பழங்கதைகளை விட்டு அண்மைக் காலத்துக்கு வந்தால், பாண்டித்துரைத் தேவரைப் பற்றி மதுரையில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் திருக்குறளில் எதுகை மோனை சரியில்லை என்று கருதி, குறள்களைத் தம் விருப்பப்படி 'திருத்தி' அச்சிட்டார். அதைக் கண்டு வருந்திய தேவர், இருந்த படிகள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்கி அழித்துவிட்டார் என்பர்.

ஸ்காட் செய்ததும் ஒருவகை இடிப்பே. குறள் வெண்பாவில் எதுகை கட்டாயமில்லை என்பது யாப்பு படித்த மாணவனுக்கும் தெரியும். நூலின் இலக்கணத்தை அறியாமல், தமக்குத் தெரிந்த ஓசையை அதன்மேல் ஏற்றிவிட்டார். தேவரின் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. இருந்தாலும் அந்தப் பதிப்பின் பிழைகளைக் குறள் குறளாக எடுத்து மறுத்து ஒரு நூல் எழுதியிருந்தால், யாப்புப் பாடமாக அது இன்றும் பயன்பட்டிருக்கும். அழித்ததால் தவறும் போயிற்று, அதைத் தவறு என்று காட்டும் வாய்ப்பும் போயிற்று. இதே தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியது இதற்கு நேர்மாறான செயல். அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழில் ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்தனர். ஒருவர் கருத்தை இன்னொருவர் மேற்கோளோடு மறுக்கும் பழக்கம் அச்சில் வேர்விட அத்தகைய இதழ்களே காரணம்.

தேவர் வாங்கி அழித்தது ஒரு பதிப்பை. எழுதியவரை அவர் தொடவில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு நேர்ந்தது வேறு. 2010இல் வந்த நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்துப் பரப்பப்பட்டு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்த பிறகே மீண்டும் எழுதத் தொடங்கினார். நாவலில் குறை காண யாருக்கும் உரிமை உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டிருக்கலாம். அதையும் எழுதிச் சொல்லியிருக்கலாம். முழுதும் படிக்காத நூலின் நான்கு பக்கத்தை வைத்து ஒருவரை எழுதாமல் ஆக்குவதற்கு விமர்சனம் என்ற பெயர் பொருந்தாது.

வத்தலக்குண்டின் 'எழுத்து'

வத்தலக்குண்டு சிறிய ஊர். பி.ஆர். ராஜமய்யர், பி.எஸ். ராமையா ஆகியோர் அந்த ஊர்க்காரர்கள். சின்னமனூரில் 1912இல் பிறந்த சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். சென்னைக்குப் போன பிறகு, 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' இதழ் 1970 வரை வந்தது. விமர்சனத்தை முதன்மையாகக் கொண்டு தொடங்கப்பட்ட இதழ் அது. வாங்கியவர்கள் சில நூறு பேரே. வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

செல்லப்பாவின் முறைக்கு அலசல் விமர்சனம் என்று பெயர். ஒரு கதையை எடுத்துக்கொண்டால் அது எங்கே தொடங்குகிறது, யார் பார்வையில் நகர்கிறது, முடிவு முதலிலேயே விதைக்கப்பட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார். 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' நூலில் இந்த முறையைக் காணலாம். படிக்கச் சற்று வறட்சியானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. க.நா. சுப்ரமண்யம் இந்த அலசலை விரும்பவில்லை. நல்ல வாசகனின் ரசனையே அளவுகோல் என்பது அவர் நிலை. தேர்ந்த படைப்புகளின் பட்டியலைத் தருவதே அவர் வழி. இருவரும் 'எழுத்து' இதழில் எழுதினர், இருவரும் கருத்து வேறுபட்டனர். க.நா.சு. 1963இல் 'இலக்கிய வட்டம்' என்ற தம் இதழைத் தொடங்கினார்.

பட்டியல் விமர்சனம் வாசகருக்குப் பெரிய உதவி. எதைப் படிப்பது என்று தெரியாத ஒரு தலைமுறைக்கு க.நா.சு. வழிகாட்டினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டியலில் இடம்பெறாத எழுத்தாளருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஏன் விட்டுப்போனோம், எங்கே தவறினோம் என்று அவருக்குத் தெரியாது. மறுமொழி சொல்லவும் வழியில்லை. செல்லப்பாவின் அலசல் கடித்து மெல்ல வேண்டியதாக இருந்தாலும், எழுதியவர் கையில் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். அந்த வகையில் எழுதப் பழகுகிறவருக்கு வத்தலக்குண்டுக்காரரின் வழியே பயன்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த அலசல் கண்ணே புதுக்கவிதைக்கும் உதவியது. யாப்பு இல்லை, ஆகவே கவிதை இல்லை என்று பலரும் ஒரே வரியில் தள்ளிய காலத்தில், ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளை 'எழுத்து' வெளியிட்டு, அவை எப்படிக் கவிதையாகின்றன என்று வரி வரியாகப் பேசியது. திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு அந்த இதழுக்குக் கவிதையும் எழுதினார், விமர்சனமும் எழுதினார். 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது.

செல்லப்பாவின் 'வாடிவாசல்' மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டைப் பற்றிய குறுநாவல். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ மாடு பிடிக்கிறவர் திமிலைத்தான் தழுவ வேண்டும். வாலைப் பிடித்துத் திருகினால் மாடு நின்றாலும் அது பிடி என்று கணக்கில் சேராது. விமர்சனத்திலும் செல்லப்பா திமிலைத்தான் பிடித்தார்.

பட்டிமன்ற ஊரில்

இன்றைய மதுரையில் இரண்டு பழக்கங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று வெளியீட்டு விழா. மேடையில் ஆறு பேர். நூலைப் படித்தவர் அவர்களில் இருவர் இருந்தால் அதிகம். பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை என்று முடிந்துவிடும். இன்னொன்று பட்டிமன்றம். அமெரிக்கன் கல்லூரியின் முன்னாள் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா போன்றோரால் உலகத் தமிழர் எல்லாரும் அறிந்த கலை அது. அங்கே எதிர் அணியை வெட்டிப் பேசுவது விளையாட்டு. கொடுத்த பக்கத்தைப் பேசுகிறார்கள் என்பது பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். முடிந்ததும் எல்லாரும் ஒரே காரில் ஊர் திரும்புவார்கள். அதே கைத்தட்டல் பழக்கத்தோடு ஒருவர் நூல் விமர்சனக் கூட்டத்துக்கு வரும்போதுதான் சிக்கல். இளைஞர் ஒருவர் மூன்று ஆண்டு உழைத்து எழுதிய முதல் நாவல், இருபது நிமிடச் சிரிப்புக்குத் தீனியாகிவிடுகிறது. எழுந்து மறுமொழி சொன்னால் அவருக்குப் பொறுமை இல்லை என்பார்கள். சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டார் என்பார்கள்.

தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவுக்கு வருகிற கூட்டமும், 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலையிலேயே இடம்பிடிக்கிற மாணவர்களும் இந்த ஊரில் படிப்பவர்கள் குறையவில்லை என்பதைக் காட்டுகிறார்கள். புது நூல் வெளியிடும் ஒருவர், விழாவுக்குப் பதிலாக இப்படிப்பட்ட நான்கு வாசகரை ஓர் அறையில் உட்கார வைக்கலாம். கையெழுத்துப்படியை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டு, தடையும் விடையுமாக ஒரு பிற்பகல் பேசலாம். அச்சுக்குப் போவதற்கு முன் அப்படிப் பேசினால் இன்னும் நல்லது. பக்கங்களைத் திருத்த அப்போது நேரம் இருக்கும்.